கடிகாரமும் சதுரங்கப் பொறியும்

சென்ற குளிர்காலத் தொடக்கத்தில் நம் விடுதியின் மூன்றாம் மாடியில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காடியவன் கணிதத் துறையைச் சேர்ந்த ஒரு தம்பி. எதிர்வழக்காடியவன் நான். தீர்ப்புக் கூறியவனும் நானே! அத்தீர்ப்பைத் திருத்தி எழுத வேண்டிய கடமை எனக்கு இருப்பதால்தான் இக்கட்டுரை பிறந்தது. ஆனால் வழக்கு இன்னதென விளங்க வேண்டுமாயின், சதுரங்கம் ஆடும் கணிப்பொறியைப் பற்றி முதலில் சிறிது பாடம் படித்தாக வேண்டும். மன்றத்து நண்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

பாடத்தின் மையக் கேள்வி ஒன்றே. ஆற அமர ஆடும்போது வல்லவன் எவனோ, அவனேதான் விரைந்து ஆடும்போதும் வல்லவனா? கேட்டவுடன் "ஆம்" என்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

1998-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இத்தாலி நாட்டைச் சேர்ந்த இஸ்கியா தீவில், மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த நம் விசுவநாதன் ஆனந்த் ஒரு கணிப்பொறியை எதிர்த்து எட்டு ஆட்டங்கள் ஆடினார். எதிர்நின்ற நிரலின் பெயர் 'ரெபெல்'. (கணிப்பொறி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பே நிரல்.) ரெபெலை ஆக்கியவர் ஆலந்து நாட்டு எட் ஷ்ரோடர். எட்டின் முடிவு ரெபெலுக்கு 5, ஆனந்துக்கு 3. செய்தியை இவ்வளவோடு படித்தவர், "நம்மவர் பொறியிடம் தோற்றார்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அந்த எட்டையும் பிரித்துப் பாருங்கள்.

முதல் நான்கும் மின்னல் ஆட்டங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேற்கொண்டு ஐந்து நொடி. இவற்றில் ரெபெல் 3, ஆனந்த் 1. அடுத்த இரண்டும் ஆளுக்குப் பதினைந்து நிமிட ஆட்டங்கள். இவற்றில் ரெபெல் ஒன்றரை, ஆனந்த் அரை. கடைசி இரண்டுமே முறையான போட்டி ஆட்டங்கள். முதல் நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். இவற்றில் ஆனந்த் ஒன்றரை, ரெபெல் அரை. ஆடியவர் அவரே, எதிர்த்த நிரலும் அதுவே, ஆட்ட விதியிலும் மாற்றம் இல்லை. மாறியது கடிகாரம் ஒன்றே. வெற்றி பக்கம் மாறிவிட்டது.

எட்டு ஆட்டங்களைக் கொண்டு உலக உண்மையை நிலைநாட்ட முடியாதுதான். இந்தக் குறைபாட்டுக்குப் பின்னர் வருகிறேன். என் குற்றமே அதில்தான் இருக்கிறது. ஆயினும் அக்காலத்து வேறு போட்டிகளும் அத்திசையையே காட்டின. 1994 மே திங்களில் மியூனிக் நகரில் நடந்த மின்னல் ஆட்டப் போட்டியில் 'ஃபிரிட்ஸ்' என்னும் நிரல், காஸ்பரோவுடன் சமமாக முதலிடத்தில் நின்றது. பின்னர் நடந்த முடிவாட்டங்களில்தான் காஸ்பரோவ் அதனை வென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் இலண்டனில், ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் கொண்ட போட்டியில், ரிச்சர்ட் லாங் எழுதிய 'செஸ் ஜீனியஸ்' காஸ்பரோவையே வீழ்த்தி வெளியேற்றியது. அரையிறுதியில் அதனைத் தடுத்து நிறுத்தியவர் நம் ஆனந்த்! ஆனால் நீண்ட ஆட்டங்கள் கொண்ட தொடரில் காஸ்பரோவை வெல்லப் பொறிக்கு மேலும் மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. 1996-இல் பிலடெல்பியா நகரில் 'டீப் புளூ' அவரிடம் 4-க்கு 2 எனத் தோற்றது. 1997 மே திங்களில் நியூயார்க்கில் மூன்றரைக்கு இரண்டரை என வென்றது. மின்னல் ஆட்டம் என்னும் புறமதில் முதலில் விழுந்தது. நெடிய ஆட்டம் என்னும் உட்கோட்டை பின்னரே விழுந்தது.

இஃது ஏன்? இங்கேதான் கணக்கு வருகிறது. அஞ்ச வேண்டா, பள்ளிக்கூடக் கணக்கே.

ஒருவர் ஒருமுறை காய் நகர்த்துவதை ஒரு 'படி' என்று வைத்துக்கொள்வோம். நடு ஆட்டத்தில் ஒரு நிலையிலிருந்து செய்யக்கூடிய நகர்த்தல்கள் ஏறக்குறைய 35. அவை ஒவ்வொன்றுக்கும் எதிரியின் மறுமொழி 35. இவ்வாறு நான்கு படி பார்க்க வேண்டுமானால் 35-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். 15,00,625 நிலைகள் வரும். ஆறு படி என்றால் 183 கோடிக்கு மேல். கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் 1950-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, ஆட்டம் முழுவதையும் இவ்வாறு எண்ணி முடிப்பது ஆகாத செயல் என்று காட்டிவிட்டார். ஆகவே பொறி சில படிகள் வரை பார்த்து, அங்கே நின்று, "இந்நிலை எனக்கு எவ்வளவு நல்லது?" என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. யானைக்கு இவ்வளவு, குதிரைக்கு இவ்வளவு, ராஜாவின் பாதுகாப்புக்கு இவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் போடும் மதிப்பெண் அது.

பார்க்க வேண்டிய நிலைகளைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. நான் ஒரு நகர்த்தலை எண்ணிப் பார்க்கிறேன். உடனே எதிரி என் ராணியை வெட்டிவிடுவான் என்று தெரிகிறது. அவ்வளவு போதும். அதைவிடக் கேடான மறுமொழி வேறு உண்டா என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அந்நகர்த்தலை அங்கேயே தள்ளிவிடலாம். இம்முறைக்கு 'ஆல்ஃபா-பீட்டா' என்று பெயர். 1975-இல் நூத், மூர் என்னும் இருவர் இதன் கணக்கைத் தெளிவாக ஆராய்ந்து எழுதினர். நல்ல நகர்த்தல்களையே முதலில் பார்க்கும் பேறு வாய்த்தால், நான்கு படிக்குப் பதினைந்து இலட்சம் வேண்டியதில்லை, 2,449 நிலைகள் போதும். ஆறு படிக்கு 85,749 போதும். அதாவது ஒரு படி கூடினால் வேலை 35 மடங்கு பெருகுவதில்லை. சராசரியாக 35-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய ஆறு மடங்கே பெருகுகிறது.

இந்த ஆறு என்னும் எண்ணை மனத்தில் இருத்துங்கள். நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு நகர்த்தலுக்கு மூன்று நிமிடம். அதனை மூன்று நொடியாகக் குறைத்துவிடுவோம். நேரம் அறுபதில் ஒரு பங்காகிவிட்டது. பொறி இழப்பது எத்தனை படி? ஆறை ஆறால் பெருக்கினால் முப்பத்தாறு. மீண்டும் பெருக்கினால் 216. அறுபது அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆகவே இழப்பு இரண்டே கால் படி அளவுதான்! (இன்றைய நிரல்கள் துணிந்து பல கிளைகளை வெட்டுவதால், அவற்றுக்கு ஒரு படி கூடுவதற்கு ஆறு மடங்கு நேரம்கூடத் தேவையில்லை. எளிமைக்காகப் பழைய கணக்கையே கொள்வோம்.) மனிதனுக்கு அறுபதில் ஒரு பங்கு நேரம் கொடுத்துப் பாருங்கள். அவன் கணக்கிடுவதையே கைவிட்டு, பழக்கத்தையும் கண்ணையும் நம்பிக் காயை நகர்த்துவான். பெரும்பாலும் சரியாகவே நகர்த்துவான். ஆனால் எங்கோ ஓரிடத்தில் ஒரு குதிரைத் தாவல் கண்ணுக்குத் தப்பும். பொறிக்கு இரண்டு படிக்குள் எதுவும் தப்பாது. ஒரு தவறு போதுமன்றோ?

தொடக்கத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1952-இல் ஆலன் டூரிங், ஓட்டிப் பார்க்கத்தக்க பொறி கிட்டாமல், தாம் எழுதிய நிரலைத் தாமே தாளும் பென்சிலுமாகக் கணக்கிட்டு ஆடிக் காட்டினார். ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் பிடித்தது. 1956-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துப் பொறி, மந்திரிகளே இல்லாத ஆறுக்கு ஆறு பலகையில், நான்கு படி பார்க்கப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. எதிரே அமர்ந்த மனிதன் கொட்டாவி விட்டிருப்பான்!

சரி, நேரம் கூடக் கூடப் பொறி ஒரே சீராக வளர்கிறதா? இல்லை. இந்தச் செய்திதான் என் வழக்கின் முடிச்சு. ஆகவே சிறிது நின்று பார்ப்போம்.

ஆட்டக்காரர்களின் வலிமையை அளக்க 'எலோ' என்னும் அளவு உண்டு. இருவருக்கிடையே 100 எலோ வேறுபாடு இருந்தால், வலியவர் நூற்றுக்கு 64 புள்ளி பெறுவார் என்று எதிர்பார்க்கலாம். 200 என்றால் 76. பெல் ஆய்வுக்கூடத்தில் 'பெல்' என்னும் சதுரங்கப் பொறியை உருவாக்கிய கென் தாம்சன், 1980-களின் தொடக்கத்தில் அப்பொறியை அதனுடனேயே மோதவிட்டார். ஒரு புறம் நான்கு படி பார்க்கும். மறுபுறம் ஐந்து படி பார்க்கும். இப்படியே ஒன்பது படி வரை. நான்கிலிருந்து ஐந்துக்கு ஏறியபோது கிடைத்த உயர்வு 300 எலோவுக்கு மேல். ஐந்திலிருந்து ஆறுக்கு ஏறக்குறைய 250. ஏழிலிருந்து எட்டுக்கு ஏறக்குறைய 180. எட்டிலிருந்து ஒன்பதுக்கு 120 அளவே. பசித்தவனுக்கு முதல் இட்டிலி தரும் இன்பத்தை ஆறாவது இட்டிலி தருவதில்லை, அதுபோலத்தான். ஆழம் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு படியும் ஒரு பெரிய பிழையைத் தடுக்கிறது; ஆழம் மிகுந்தபின் தடுக்க வேண்டிய பிழைகளே அருகிப்போகின்றன.

இனி மனிதனை விட்டுவிடுவோம். மனிதனா பொறியா என்னும் போர் எக்காலக் கணக்கிலும் முடிந்துவிட்டது. 2009-இல் புவெனஸ் அயர்ஸ் போட்டி ஒன்றில் கைப்பேசியில் ஓடிய 'பாக்கெட் ஃபிரிட்ஸ்' பத்து ஆட்டங்களில் ஒன்பதரை புள்ளி எடுத்தது! அதுவோ நொடிக்கு இருபதாயிரம் நிலைகளைக்கூட எட்டாதது; டீப் புளூவோ இருபது கோடி. ஆனால் பொறிக்கும் பொறிக்கும் நடக்கும் போரில் கடிகாரம் இன்றும் நடுவராகவே இருக்கிறது.

2017 டிசம்பரில் 'ஆல்ஃபாசீரோ' என்னும் நிரல், அந்நாள் வல்லரசான 'ஸ்டாக்ஃபிஷ்' நிரலை நூறு ஆட்டங்களில் சந்தித்தது. இருபத்தெட்டில் வென்றது, எழுபத்திரண்டு சமநிலை, தோல்வி ஒன்றுகூட இல்லை. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆல்ஃபாசீரோ பார்த்தது 80,000 மட்டுமே. தனக்கெனச் செய்யப்பட்ட சில்லுகளின் துணையோடு, ஒவ்வொரு நிலையையும் நரம்பு வலையால் ஆழ்ந்து எடைபோட்டது. வெற்றியைக் கண்டு உலகம் வியந்தது. ஆனால் விவரம் அறிந்தோர் ஒரு குறை சொன்னார்கள். அந்த ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சரியாக ஒரு நிமிடம் என்று கட்டிவைத்திருந்தார்கள். ஸ்டாக்ஃபிஷோ நேரத்தைப் பங்கிடுவதில் கைதேர்ந்தது. எளிய இடத்தில் நொடியில் நகர்த்திவிட்டு, சிக்கலான இடத்தில் நீண்ட நேரம் எண்ணும். அக்கலைக்கு அங்கே இடமே இல்லை. தேர்வில் எல்லா வினாவுக்கும் ஒரே அளவு நேரம்தான் என்று மணியடித்தால் நாம் என்ன ஆவோம்? குறையில் நியாயம் இருந்தது. 2018 டிசம்பரில் வெளிவந்த முழு ஆய்வில், ஆளுக்கு மூன்று மணி நேரமும் நகர்த்தலுக்குப் பதினைந்து நொடியும் தந்து ஆயிரம் ஆட்டங்கள் ஆடவைத்தார்கள். அப்போதும் ஆல்ஃபாசீரோ 155-இல் வென்று ஆறில் மட்டுமே தோற்றது. நேரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தபோதுகூட அதுவே மேலோங்கி நின்றது.

மெதுவாகவும் கூர்மையாகவும் எடைபோடுவதா, விரைவாகவும் மேலோட்டமாகவும் எடைபோடுவதா? சதுரங்க நிரல் எழுதுவோரின் பழைய சண்டை இது. அதே சண்டைதான் சிறிய அளவில் நம் மூன்றாம் மாடியிலும் நடந்தது.

நான் பௌதிகம் படிப்பவன். பொழுதுபோக்காக ஒரு சிறு சதுரங்க நிரல் எழுதி வைத்திருக்கிறேன். அதன் எடைபோடும் பகுதி மிக எளியது; காய்களை எண்ணும், ராஜாவைப் பார்க்கும், அவ்வளவே. கணிதத் துறைத் தம்பி அதனைப் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, சிப்பாய்களைப் பற்றி இது ஒன்றுமே அறியவில்லையே!" என்றான். தடுக்க ஆளின்றி முன்னேறக்கூடிய சிப்பாய், பக்கத்துணை இல்லாத தனிச் சிப்பாய், ஒரே நேர்க்கோட்டில் இரட்டையாய் நிற்கும் சிப்பாய் ஆகியவற்றை எடைபோடும் பகுதி ஒன்றை ஒரு வாரம் உழைத்து எழுதிச் சேர்த்தான். நிரலின் வேகம் பாதியாயிற்று.

நான் சோதனை செய்தேன். நகர்த்தலுக்கு அரை நொடி, இருபது ஆட்டங்கள், தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டன. பழைய நிரல் 13, தம்பியின் நிரல் 7. சமநிலை ஒன்றும் இல்லை. எங்கள் நிரலின் தரம் அப்படி! "கண்டாயா? இந்த அழகெல்லாம் வேகத்தைத் தின்றுவிட்டது" என்று பத்துப் பேர் நடுவில் தீர்ப்புக் கூறினேன். தம்பி ஒன்றும் சொல்லாமல் தன் மடிக்கணிப்பொறியை மூடிக்கொண்டு போனான். அதன்பின் ஒரு திங்கள் அவன் எங்கள் அறைப் பக்கம் வரவில்லை. தவறு எனக்குப் பின்னர்தான் உறைத்தது. அதுவும் ஒன்றன்று, இரண்டு.

முதல் தவறு எண்ணிக்கை. ஒரு நாணயத்தை இருபது முறை சுண்டுங்கள். பதின்மூன்று அல்லது அதற்கு மேல் தலை விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதின்மூன்று; ஏறக்குறைய எட்டில் ஒன்று. சம வலிமையுள்ள இரு நிரல்கள் ஆடினாலும் எட்டுத் தடவைக்கு ஒரு தடவை என் பக்கம் அப்படியொரு 'வெற்றி' விழுந்திருக்கும். இருபது ஆட்டத்தில் புள்ளி விகிதத்தின் திட்டப்பிழை நூற்றுக்குப் பதினொன்று. எலோவில் சொன்னால் 80-ஐ ஒட்டி வரும். நான் அளக்க வந்த வேறுபாடே அவ்வளவுதான். முழக்கோலைக் கொண்டு முடியின் தடிப்பை அளந்திருக்கிறேன்!

இரண்டாம் தவறு கடிகாரம். இதில்தான் முன் சொன்ன கணக்கெல்லாம் வந்து சேர்கிறது. வேகம் பாதியானால் இழப்பு எவ்வளவு? ஆறு மடங்குக்கு ஒரு படி என்றால், இரண்டு மடங்குக்கு ஐந்தில் இரண்டு பங்குப் படி. அரை நொடியில் என் நிரல் ஐந்து படி அளவே பார்க்கிறது. அந்த ஆழத்தில் ஒரு படியின் விலை, தாம்சன் கணக்குப்படி 250 எலோ என்று கொண்டால், இழப்பு 100 எலோ. அதே நிரலுக்கு அரை நிமிடம் கொடுங்கள். ஏழு படிக்கு மேல் பார்க்கும். அங்கே ஒரு படியின் விலை 180 என்றால் இழப்பு 70 எலோதான். தம்பியின் சிப்பாய் அறிவு தரும் ஊதியம் இவ்விரண்டுக்கும் நடுவே, 85 எலோ அளவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவசர ஆட்டத்தில் அது நட்டமாகத் தோன்றும். ஆற அமர ஆடினால் இலாபமாகத் தோன்றும். நான் நட்டத்தை மட்டும் பார்த்துக் கடையையே மூடச் சொல்லிவிட்டேன்.

"ஆழம் மிகுந்தால் சிப்பாய் அறிவெல்லாம் எதற்கு? பொறியே கண்டுகொள்ளுமே" என்று யாரேனும் கேட்கலாம். வெட்டுக் குத்து விவகாரமாக இருந்தால் அது சரி. ஆனால் ஒரு சிப்பாய் நடந்து நடந்து கடைசிக் கட்டத்தை அடைந்து ராணியாவதற்குப் பல படிகள் ஆகும். ஏழு படி பார்க்கும் பொறிக்கு அது தொடுவானத்துக்கு அப்பால் உள்ள செய்தி. பொறி தன் தொடுவானத்துக்கு அப்பால் குருடு என்பதை 1973-இலேயே ஹான்ஸ் பெர்லினர் எடுத்துக்காட்டியிருக்கிறார். 2020 செப்டம்பரில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் 12, தன் வேகத்தில் ஒரு பகுதியை இழந்தும், நரம்பு வலை எடைபோடலை ஏற்றுக்கொண்டு முன்னைவிட வலிமை பெற்றதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

அப்படியானால் எல்லாச் சோதனையையும் நீண்ட ஆட்டத்திலேயே செய்யலாமே? செய்யலாம், ஆனால் ஆயுள் போதாது. ஆளுக்கு அறுபது நகர்த்தல் கொண்ட ஆட்டம், அரை நொடிக் கணக்கில் ஒரு நிமிடத்தில் முடியும். அரை நிமிடக் கணக்கில் ஒரு மணி நேரம் ஆகும். பிழையை நூற்றுக்கு இரண்டரையாகக் குறைக்க நானூறு ஆட்டம் வேண்டும். அது நானூறு மணி, அதாவது இரவு பகலாகப் பதினாறு நாளுக்கும் மேல். ஸ்டாக்ஃபிஷ் எழுதுவோர் 2013 முதல், உலகெங்கும் உள்ள தொண்டர்களின் கணிப்பொறிகளை ஒன்றுசேர்த்து இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு புதுக் கருத்து வந்தால், முதலில் ஆட்டத்துக்குப் பத்து நொடியும் நகர்த்தலுக்கு நொடியில் பத்தில் ஒன்றும் தந்து ஆயிரக்கணக்கில் ஆடவைப்பார்கள். அதில் தேறினால் அறுபது நொடி ஆட்டத்தில் மறுபடியும் சோதிப்பார்கள். இரண்டிலும் தேறியதையே சேர்ப்பது வழக்கம். முதலில் தேறி இரண்டாவதில் தவறும் கருத்துகள் உண்டு. முதலிலேயே தவறியதால், நீண்ட ஆட்டத்தில் பயன் தந்திருக்கக்கூடியவை சல்லடையில் நின்றுபோவதும் உண்டு. இந்த இரண்டாம் வகைக் கருத்துகளுக்காகத்தான் எனக்கு மனம் இரங்குகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் தம்பியின் அறைக்குச் சென்று, என் தீர்ப்பு செல்லாது என்று சொன்னேன். "பத்துப் பேர் முன்னால் சொன்னதை என் ஒருவனிடம் மட்டும் திரும்பப் பெறலாமா, அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அதனால் இங்கே நம் மன்றத்தார் அனைவர் முன்னும் திரும்பப் பெறுகிறேன். இரு நிரல்களும் இப்போது நகர்த்தலுக்கு அரை நிமிடக் கணக்கில் நானூறு ஆட்டம் ஆடத் தொடங்கியிருக்கின்றன. பாதி முடிந்துள்ளது. தம்பியின் நிரல் சற்றே முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த முன்னணி இன்னும் பிழை எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. "நீதான் வென்றாய்" என்று நான் சொன்னதற்கு, "நானூறும் முடியட்டும் அண்ணே" என்கிறான். ஆட்டங்கள் என் அறைச் சன்னலோர மேசையில் நடக்கின்றன. பார்க்க விரும்பும் நண்பர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கணிப்பொறியின் மின்கம்பியை மட்டும் யாரும் பிடுங்கிவிட வேண்டா.